காக்கா ஆழியும் சிறுமலை வாழையும்

போன ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கப் போயிருந்தேன். திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. இருந்தாலும் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து விடிவதற்குள் ஐஸ் பெட்டி வந்து இறங்கிவிடுகிறது. என்னோடு காலை நடைக்கு வரும் தலைமையாசிரியரும் (ஓய்வு பெற்று பதினெட்டு வருடம் ஆகிறது, இன்னும் எங்களுக்கு அவர் ஹெட்மாஸ்டர்தான்) பக்கத்தில் நின்றார். நண்டு விலையைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சார், இத்தாலியில நண்டுத் தொல்லை தாங்காம கவர்மெண்டே காசு குடுத்துப் பிடிச்சு அழிக்குதாமே. அதையெல்லாம் ஒரு கப்பல்ல ஏத்தி இங்க விட்டா நாம தின்னு தீத்துர மாட்டமா?"

கடைக்காரர் முதல் எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து நண்டைக் கழுவும்போது அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹெட்மாஸ்டர் சொன்னது உண்மைதான். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சொந்த ஊராகக் கொண்ட நீல நண்டு மத்தியதரைக் கடலுக்குள் வந்து பல பத்து வருடங்கள் ஆகின்றன. 2023 கோடையில் அது வட இத்தாலியில் போ ஆற்றின் முகத்துவாரத்தில் கூட்டம் கூட்டமாகப் பெருகி, அங்கே மட்டி வளர்ப்போரின் குஞ்சு மட்டிகளை ஓட்டை உடைத்துத் தின்று தீர்த்தது. அந்த ஆகஸ்டில் இத்தாலிய அரசு 29 லட்சம் யூரோ ஒதுக்கி, நண்டைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொன்னது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நண்டு தின்ற அந்த மட்டியும் இத்தாலிக்குச் சொந்தமானது இல்லை. ஆசியாவிலிருந்து 1983-இல் கொண்டுவந்து விட்டது. வெளியூர் மட்டியை வெளியூர் நண்டு தின்கிறது, நஷ்டம் உள்ளூர்க்காரனுக்கு.

அமெரிக்காக்காரனுக்கும் இதே பாடு, திசைதான் வேறு. ஐரோப்பாவின் பச்சை நண்டு 1817-லேயே அங்கே கிழக்குக் கரையில் கண்டு எழுதப்பட்டுவிட்டது. மெயின் மாநிலத்து மட்டித் தொழிலை அது 1950-களில் ஆட்டிப் படைத்தது. பிறகு மேற்குக் கரைக்கும் போய், 2022 ஜனவரியில் வாஷிங்டன் மாநில ஆளுநர் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு வந்தது. ஒரு நண்டுக்காக அவசரநிலை! நம் தலைமுறைக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் வேறு ஞாபகம் வரும்.

சரி, அது அவர்கள் ஊர்க் கதை. நமக்கு இத்தாலிவரை போக வேண்டியதில்லை. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வந்து இறங்கியது நண்டு அல்ல, ஒரு கறுப்புச் சிப்பி. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பது அறிவியல் பெயர். பூர்வீகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். 2014-க்குப் பிறகு பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று வரிசையாகத் தட்டுப்பட்டது. கேரளக் காயல்களில் பரவியிருப்பதை 2019-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில், எண்ணூர் முதல் பழவேற்காடு நோக்கி அது படுக்கை விரித்தாற்போல் பரவியபோது முதலில் கவனித்துச் சொன்னவர்கள் அங்கே இறால் பிடிப்பவர்கள்தான். அதன் பிறகுதான் பத்திரிகை, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு என்று விஷயம் போனது.

அந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும். 1984 முதல் மூன்று வருடம் பொன்னேரி பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். (நம்ம ஊர் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் நான் அங்கே இருந்த 1985-இல்தான். தபாலில் மாவட்டப் பெயரை மாற்றி எழுதி என் அப்பா அனுப்பிய முதல் கார்டு இன்னும் இருக்கிறது.) கிராமக் கடன் பார்க்கிற வேலை. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிறைய அலைந்திருக்கிறேன். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. டச்சுக்காரன் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணிய இடம். அங்கத்துக் களிநண்டு உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறும்.

அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இந்த இடத்தில் இன்றைக்கு இன்ன ஊர், இன்ன குடும்பம் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதைப் போல. பாட்டில் பங்கு உள்ளவன் மீனவன். அந்தப் பங்கு இல்லாத ஒரு கூட்டமும் அங்கே பிழைத்தது. பெரும்பாலும் இருளர்கள். வலை இல்லை, படகு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, சேற்றுக்குள் பதுங்கியிருக்கும் இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடப் பனையோலைப் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தக் காட்சியை முதலில் பார்த்த அன்று நான் கரையிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

அப்போது ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டக் கடன் ஓடிக்கொண்டிருந்த காலம். என் மேஜையில் இருந்த படிவத்தில் சொத்து என்ற கட்டத்துக்குக் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், படகு, வலை என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா வந்தார். தொழில் என்ன என்று கேட்டேன். கையைக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறிச் சுருங்கியிருந்தது.

"வலைக் கடன் வேணுமாம்மா?"

"வலை போட எனக்கு ஏது சார் பாடு? ஆத்துல எறா இருக்கிற வரைக்கும் எனக்குக் கடனே வேணாம். எறா இல்லாமப் போனா என்ன பண்றதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கறவை மாட்டுக் கடன் எழுதிக் கொடுத்தேன். மேய்க்க ஒரு சென்ட் நிலம் இல்லாதவருக்கு மாடு. ஆறு மாதம் கழித்துச் சொத்து ஆய்வுக்குப் போனபோது யாருடைய மாட்டையோ ஓட்டிவந்து கட்டிவைத்திருந்தார்கள். அது அவருடைய மாடு இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். முப்பத்தைந்து வருட சர்வீஸில் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வேன். இது எந்தக் கணக்கில் வரும் என்று இன்றுவரை தெரியவில்லை.

காக்கா ஆழி செய்கிற கெடுதலைப் படித்தபோது அந்தக் கைதான் கண்முன் வந்தது. இந்தச் சிப்பி தன் உடம்பிலிருந்து மெல்லிய நாரை விட்டுப் பக்கத்தில் இருக்கிற எதையும் பிடித்துக்கொள்ளும். கல், கட்டை, பாலத்தூண், வேறு சிப்பி, அதுவும் கிடைக்காவிட்டால் இன்னொரு காக்கா ஆழி. ஒன்றோடொன்று பின்னிப் பின்னிச் சேற்றின் மேல் ஒரு ஜமுக்காளம் போல் ஆகிவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் நன்னீராக மாறினாலும், கோடையில் உப்பு ஏறினாலும் தாங்கிக்கொள்ளும். சீக்கிரம் வளரும், சீக்கிரம் முட்டையிடும், குஞ்சு தண்ணீரில் மிதந்து போய்ப் புது இடம் தேடும்.

ஜமுக்காளத்துக்கு அடியில் என்ன ஆகும்? இறாலுக்குப் பகலில் புதைந்துகொள்ள இளகிய சேறு வேண்டும், அது மூடிப்போகிறது. மஞ்சள் மட்டி என்று அங்கே ஒன்று உண்டு. சேற்றுக்குள் இருந்துகொண்டு சின்னக் குழாயை மட்டும் மேலே நீட்டித் தண்ணீரை உறிஞ்சி, அதில் இருக்கும் நுண்ணுயிரைத் தின்று பிழைக்கும். காக்கா ஆழிக்கும் அதே சாப்பாடுதான். மேலே உட்கார்ந்திருப்பவன் முதல் பந்தியில் தின்றுவிடுகிறான், கீழே இருப்பவனுக்கு மூச்சு முட்டுகிறது. சேற்றைத் தடவிப் பிழைத்த கைக்கு இப்போது அகப்படுவது கூரான ஓடு. வலைக்காரனுக்கு வருமானம் குறையும். கையால் பிடிப்பவருக்குத் தொழிலே இல்லாமல் போகும். இரண்டும் ஒன்றல்ல.

எப்படி வந்தது? கப்பலோடுதான் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சரக்கு இல்லாமல் போகும் கப்பல் கவிழாமல் இருக்கப் பாரம் ஏற்ற வேண்டும். டச்சுக்காரன் காலத்தில் கல்லும் மணலும் ஏற்றினார்கள். இரும்புக் கப்பல் வந்த பிறகு கடல் தண்ணீரையே தொட்டியில் ஏற்றிக்கொண்டு, போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது கொட்டிவிடுகிறார்கள். பெரிய கப்பல் ஆயிரக்கணக்கான டன் தண்ணீர் சுமக்கும். அந்தத் தண்ணீரில் எந்த ஊர்க் குஞ்சு இருக்கிறது என்று யார் கண்டது? எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறந்தது. நிலக்கரி சுமந்து வருகிற கப்பல் அங்கே தண்ணீரை ஏற்றிக்கொண்டு போகும், இறக்காது. கார் ஏற்றுமதிக்கு வெறுமையாக வருகிற கப்பல் இறக்கும். இதைத் தவிர, கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டும் சிப்பிகள் ஊர் ஊராகப் போகும். பாரநீரைச் சுத்தம் செய்துதான் கொட்ட வேண்டும் என்று 2004-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. அது நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் ஆகிவிட்டது. பதின்மூன்று வருடம். சிப்பி அதற்காகக் காத்திருக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துவிட்டு, "வெளிநாட்டு ஜீவனே ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் கிளம்புகிறது. எனக்கு அந்தப் பேச்சில் சம்மதமில்லை. காக்கா ஆழி எந்தக் கண்டத்திலிருந்து வந்ததோ அதே கண்டத்திலிருந்துதான் மிளகாய் வந்தது, தக்காளி வந்தது, கொடைக்கானல் உருளைக்கிழங்கு வந்தது, கொய்யா வந்தது. இவற்றைக் கழித்துவிட்டால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைப் பாதி நாள் மூட வேண்டியதுதான். அந்நியம் என்பது குற்றம் இல்லை. மிளகாய் நாம் தண்ணீர் ஊற்றினால்தான் வளரும், விட்டுவிட்டால் போய்விடும். நாம் விட்டுவிட்ட இடத்தில் வளர்கிறதே, அதுதான் பிரச்சினை.

சீமைக்கருவேலத்தைப் பாருங்கள். விவசாயம் நடக்கிற வயலில் அது கிடையாது. மராமத்து நின்றுபோன கண்மாயில், தரிசாகக் கிடக்கிற புஞ்சையில்தான் வனமாக நிற்கும். எண்ணூரும் அப்படித்தான். அனல்மின் நிலையச் சாம்பல் கரைந்த ஆறு, அகலம் சுருங்கிய கழிமுகம், ஆலைக்கழிவு. ஏற்கனவே படுத்திருந்த நோயாளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. ஊர்ச் சிப்பிகளும் மட்டிகளும் இத்தனைக்கும் ஈடுகொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், எதையும் தாங்குகிற ஒன்று வந்து சேர்ந்தால் யார் ஜெயிப்பார்கள்? சிப்பியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மற்ற எல்லோருக்கும் வசதியாக இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. சிறுமலை வாழையை மறந்துவிட்டீர்களா? என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தோல் தடித்து, கொஞ்சம் சுருங்கிக் கறுத்த பிறகுதான் சாப்பிடவே எடுப்போம். அந்தப் பழம் வீட்டில் இருந்தால் வாசலிலேயே மணம் தெரியும். அதோடு சேர்ந்த விருப்பாட்சிப் பழம் இல்லாமல் பழனிப் பஞ்சாமிர்தம் கிடையாது. குதிரை மேலும் தலைச்சுமையாகவும் மலையிலிருந்து இறங்கும் தார்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன்.

முடிக்கொத்து நோய் வந்தது. வைரஸ் நோய். இலை குறுகி, குத்திட்டு, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். மரம் தார் விடாது. இதுவும் கடல் கடந்து வந்ததுதான். 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்தில் கோட்டயம் பக்கம் நுழைந்து, நோயுற்ற கன்றுகள் வழியாகவும் அசுவினிப் பூச்சி வழியாகவும் பரவி, 1970-களில் நம் மலைகளைப் பிடித்தது. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மலைவாழை ஆயிரக்கணக்கான ஏக்கரில் அழிந்தது. பிறகு தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் விவசாயிகளும் நோயில்லாத கன்று, திசு வளர்ப்பு என்று பாடுபட்டு ஓரளவு மீட்டார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் நான் சிறுவயதில் பார்த்த அந்த அளவு திரும்பி வரவில்லை.

என் மாமனார் வகையில் ஒருவருக்குச் சிறுமலையில் தோட்டம் இருந்தது. முதல் வருடம் பத்து மரம் போயிற்று. "காத்து சரியில்லை" என்றார்கள். அடுத்த வருடம் நூறு. "உரம் பத்தலை" என்றார்கள். மூன்றாம் வருடம் தோட்டமே போயிற்று. இதில் எந்த நாளை நஷ்டம் ஏற்பட்ட நாள் என்று எழுதுவது? வங்கிக்காரனாகச் சொல்கிறேன், அரசாங்கத்திலும் வங்கியிலும் நஷ்டத்துக்குத் தேதி வேண்டும். வெள்ளத்துக்குத் தேதி உண்டு. புயலுக்குப் பெயரே உண்டு. வறட்சிக்குக்கூட அறிவிப்பு வரும், அந்தத் தேதியை வைத்துத் தவணையைத் தள்ளிப்போடலாம். மெல்ல வருகிற கேட்டுக்குத் தேதி இல்லை. ஆகவே நிவாரணமும் இல்லை.

எண்ணூரிலேயே இதற்கு ருசு இருக்கிறது. எண்ணெய்க் கசிவுக்குத் தேதி இருந்தது. தமிழ்நாடு அரசு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, பழுதான 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. போதுமா போதாதா என்பது வேறு பேச்சு. எண்ணி, பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். காக்கா ஆழி அந்த எண்ணெயைவிட நீண்ட நாள் அந்த ஆற்றில் இருக்கப் போகிறது. அதற்குப் பட்டியல் எங்கே? பட்டியல் வந்தாலும் படகு எண்ணிக்கையில் வரும், வலை வரும். பறியும் கையும் வருமா? நாற்பது வருடத்துக்கு முன்னால் என் மேஜையில் இருந்த அதே படிவம்தான் இப்போதும் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஹெட்மாஸ்டர் சொன்ன யோசனைக்கு வருகிறேன்: தின்று தீர்ப்பது. இத்தாலியிலும் அதைத்தான் முதலில் சொன்னார்கள், ஹோட்டல்களில் நீல நண்டுப் பதார்த்தம் போட்டார்கள். நண்டு தீரவில்லை. காக்கா ஆழியைப் பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் சாப்பிடத்தான் செய்கிறார்கள். ஆனால் சிப்பி என்பது தண்ணீரை வடிகட்டித் தின்கிற ஜீவன். தண்ணீரில் இருக்கிற ஈயமும் காட்மியமும் அதன் சதையில் சேரும். எண்ணூர்த் தண்ணீரில் வளர்ந்த சிப்பியை ஏழைகளுக்குச் சத்துணவு என்று யாராவது திட்டம் போட்டால், முதல் தட்டு திட்டம் போட்டவர் வீட்டுக்குப் போகட்டும்.

இரண்டாவது யோசனை, பொக்லைன் விட்டு வாரி எடுப்பது. கோடிக்கணக்கில் மதிப்பீடு போடுவதற்கு ஏற்ற வேலை. சிப்பி அடர்ந்து கிடக்கும் இடத்தில் எடுத்துத்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கரைமேல் குவித்துவிட்டு அடுத்த மழையில் ஆற்றுக்கே திரும்பப் போக விட்டால் பணம்தான் போகும். முட்டையிட்டு முடித்த பிறகு வாரினாலும் பிரயோஜனமில்லை. எந்த மடுவில் எவ்வளவு கிடக்கிறது, எந்த இடத்தில் இன்னும் மஞ்சள் மட்டி உயிரோடு இருக்கிறது என்பது ஆற்றைக் கையால் தடவியவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தொழில் இழந்தவர்களும் அவர்கள்தான். அவர்களையே தினக்கூலிக்கு, மரியாதையான கூலிக்கு, கையுறையும் காலணியும் கொடுத்து இந்த வேலைக்கு வைத்தால் என்ன? முதலில் தப்பிப் பிழைத்த மட்டித் திட்டுகளைச் சுற்றிச் சுத்தம் செய்யலாம். கேரளத்தில் அஷ்டமுடிக் காயலில் பூவன் கக்கா என்று ஒரு மட்டி. இந்தியாவிலேயே முதன்முதலாக 2014-இல் சர்வதேசச் சான்றிதழ் வாங்கிய மீன்பிடிப்பு அது. இந்தச் சிப்பியும் மாசும் சேர்ந்து அதைக் குறைத்துவிட, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் குஞ்சு மட்டியைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காயலில் விட்டிருக்கிறது. அந்த வேலையை இங்கேயும் ஆரம்பிக்கலாம். ஆற்றில் மிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தால் செலவு குறைவு.

மூன்றாவது யோசனையைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். இதைத் தின்கிற இன்னொன்றைக் கொண்டுவந்து விடுவது. யாரும் இதுவரை சொல்லவில்லை, சொல்வார்கள். ஜிலேபி மீனை 1952-இல் நல்ல எண்ணத்தோடுதான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்று. கிடைத்தது, உண்மைதான். நத்தம் பக்கத்துக் கண்மாய்களில் இப்போதும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊத்தாவோடு ஊரே இறங்குகிறது. கரையேறும்போது பாத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் ஜிலேபி. ஆப்பிரிக்கக் கெளுத்தியை அரசாங்கம் தடை செய்தும் ஆங்காங்கே குட்டையில் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு வெள்ளம் வந்து குட்டை உடைந்தால் அது ஆற்றுக்குப் போய்விடும்.

நான் பிறந்த ஊர்க் கண்மாயில் சின்ன வயதில் சிப்பி பொறுக்குவோம். முதுகைக் கல்லில் தேய்த்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டையின் விளிம்பால் மாங்காய்த் தோல் சீவுவோம். பள்ளிக்கூடப் பையில் கத்தி கொண்டுபோனால் அடி விழும், சிப்பிக்கு விழாது. போன மாதம் பேரனுக்கு அதைச் செய்து காட்டலாம் என்று அந்தக் கண்மாய்க்கு அழைத்துப் போனேன். தண்ணீர் இருந்தது. முக்கால் பங்கு ஆகாயத்தாமரை. கரையோரம் ஒரு மணி நேரம் தேடினேன். உடைந்த ஓடு இரண்டு கிடைத்தது, ஒன்றும் மாங்காய் சீவுவதற்கு ஆகாது. இந்தக் கண்மாயில் சிப்பி எந்த வருடம் காணாமல் போனது என்று ஊரில் நான்கு பேரிடம் கேட்டேன். "அப்படியா, இல்லையா இப்ப?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

எண்ணூர்க்காரர்களாவது முதல் நாளே பார்த்துச் சொன்னார்கள்.

படிக்கிறவர்களில் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கம் உறவு உள்ளவர்கள் இருப்பீர்கள். இப்போது அங்கே கையால் இறால் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் மிச்சம், அவர்களுக்கு ஏதாவது கணக்கெடுப்பு வந்ததா என்று விசாரித்து எழுதுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வேலை. ஜிலேபிக்கு முன்னால் உங்கள் ஊர்க் கண்மாயில் என்னென்ன இருந்தது என்று நினைவுள்ளவரை ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். என் பட்டியலில் இதுவரை அயிரை, உளுவை, குறவை, விரால், கெண்டை, நாட்டுக் கெளுத்தி, வயல் நண்டு, பிறகு சிப்பி. ஹெட்மாஸ்டர் ஆரால் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அவர் ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவர்.